கண்டக்டரைக் கேளுங்கள்: கூட்டமில்லாத மலையும் தண்ணியும்

போன இதழில் கொடிவேரி அணையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. சுற்றிச் சுற்றி எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: மலை வேண்டும், தண்ணீர் வேண்டும், கூட்டம் வேண்டாம். மலைப்பாதை பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ரிட்டையர் ஆனவன் நான். அதனால் என் பதிலெல்லாம் பஸ் போகிற தூரத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் காடு. காட்டுக்குள் போக வழி கேட்பவர்கள் வனத்துறையிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: பனியன் கம்பெனியில் டைலராக இருக்கிறேன். ஞாயிறு ஒருநாள்தான் லீவு. நான், வீட்டுக்காரர், இரண்டு குழந்தைகள். கார் இல்லை. கொடிவேரிக்குப் போனால் கால் வைக்க இடமில்லை. பஸ்ஸிலேயே போய் வருகிற மாதிரி வேறு இடம் சொல்லுங்கள் அண்ணா.
*ஒரு வாசகி, திருப்பூர்*

அம்மிணி, சத்தியமங்கலத்திலிருந்து அந்தியூர் வரைக்கும் வடக்கே பாருங்கள், ஒரே மலைச்சுவர். கடம்பூர் மலை, அதையடுத்து பர்கூர் மலை. அந்த மலைகளிலிருந்து இறங்கி வருகிற பள்ளங்களை, அதாவது ஓடைகளை, அடிவாரத்திலேயே மறித்துச் சின்னச் சின்ன அணைகள் கட்டியிருக்கிறார்கள். கே.என்.பாளையம் பக்கம் பெரும்பள்ளம், கோபிக்கு வடக்கே குண்டேரிப்பள்ளம், அந்தியூரைத் தாண்டினால் வரட்டுப்பள்ளம். மூன்றும் பாசனத்துக்காகக் கட்டியவை. ஆகவே பூங்கா, ஊஞ்சல், பஜ்ஜிக்கடை என்று பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். கூட்டம் எட்டிப் பார்க்காததற்கும் அதுதான் காரணம்.

உங்களுக்குக் குண்டேரிப்பள்ளம் தோதுப்படும். திருப்பூரிலிருந்து கோபிக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. கோபியிலிருந்து வினோபா நகர் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள். டவுன் பஸ் என்றால் உங்களுக்கு டிக்கெட்டும் இல்லை. 42 அடி அணைதான். கரையில் ஏறி நின்றால் எதிரே மூன்று பக்கமும் மலை, நடுவில் தண்ணீர், அவ்வளவுதான். மொட்டை மரக்கிளையில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் அதைப் பொம்மை என்று பந்தயம் கட்டுவார்கள். கட்டட்டும்.

எப்போது போவது என்பது முக்கியம். ஆனி, ஆடியில் மேற்கே மழை கொட்டுகிறதே என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த மழை நீலகிரி, வால்பாறைப் பக்கம் தீர்ந்துவிடும், இந்தப் பள்ளங்களுக்குப் பெரிதாக வந்து சேராது. இவை நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையில். தீபாவளி தாண்டி, பொங்கலுக்கு முன்னால் போனால் தண்ணீரும் இருக்கும், மலையும் பச்சையாக இருக்கும். சித்திரையில் போனால் வெடித்த சேற்றைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.

இரண்டு விஷயம். இறங்கிக் குளிக்கக் கூடாது. ஏன் என்பதைக் கீழே இன்னொரு கேள்வியில் விவரமாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்தது, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும். மாலையில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும். கட்டுச்சோறு கொண்டு போங்கள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் போதும். வேர்க்கடலைச் சட்னி என்றால் இன்னும் நல்லது. மிச்சத்தை அங்கே கொட்டாதீர்கள். கடைசி ட்ரிப் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போது கேட்காமல் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இறங்குகிற அவசரத்தில் கேட்டால் எந்தக் கண்டக்டரும் சரியாகப் பதில் சொல்ல மாட்டான். நானும் சொன்னதில்லை.

கேள்வி: பர்கூர் மலையில் பார்க்க என்ன இருக்கிறது? கூகுளில் தேடினால் மாட்டுப் படமாக வருகிறது.
*ஒரு வாசகர், பெருந்துறை*

மாடுதான் இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவனுக்கு அது போதும்.

அந்தியூரை விட்டதும் கொஞ்ச தூரத்தில் வரட்டுப்பள்ளம் அணை. அதைத் தாண்டினால் மலைப்பாதை. இரண்டு மூன்று வளைவு ஏறிய பிறகு இடப்பக்கமா வலப்பக்கமா என்றெல்லாம் கேட்காதீர்கள், வளைவுக்கு வளைவு மாறும், கீழே அணைத்தண்ணீர் முழுசாகத் தெரியும். அணையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பதைவிட மேலிருந்து பார்ப்பதுதான் அழகு. கரை எது, காடு எது என்று அங்கிருந்துதான் புரியும். பிறகு தாமரைக்கரை. அங்கே ஒரு டீ. அதற்கப்புறம் பர்கூர். அதையும் தாண்டிப் போனால் கர்நாடக எல்லை. மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகவும் போவார்கள்.

மேலே குளிர் அப்படியொன்றும் ஊட்டிக் குளிர் இல்லை. ஆனால் அந்தியூர் வெயிலில் ஏறி அங்கே இறங்கினால் சட்டைக்குள் காற்று நுழைவது தெரியும். வீடுகளில் பேசுவது பெரும்பாலும் கன்னடம். லிங்காயத்துக்காரர்களும் சோளகர்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலை. நாம் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும்.

இனி மாடு. பர்கூர் மாடு செம்பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு. யாரோ சுண்ணாம்பை அள்ளித் தெளித்த மாதிரி இருக்கும். உயரம் குறைவு, கால் கெட்டி, முன்கோபம் அதிகம். காங்கேயம் காளைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்த பழக்கத்தில் இதன் பக்கத்தில் போய் நிற்காதீர்கள். கல்லும் முள்ளுமான மலையில் மேய்ந்து பழகியது. கொட்டகைத் தீவனம் தின்று வளர்ந்த மாடு இல்லை. ராத்தங்கல் வண்டியில் போன நாட்களில் சாயங்காலம் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் மணிச்சத்தம் வரும். மாடு வராது. சத்தம் வந்து ரொம்ப நேரம் கழித்து, சரிவில் புழுதி தெரியும். முன்னால் வருகிறது எப்போதும் ஒரு கிழட்டுப் பசுவாகத்தான் இருக்கும். பஸ் நிற்கிறதைப் பார்த்ததும் அது நிற்கும், பின்னால் வருகிற அத்தனையும் நிற்கும். மேய்ப்பவர் ஒரு சத்தம் கொடுத்தால்தான் நகரும். டிரைவர் அந்த நேரத்தில் தெரியாத்தனமாக ஹாரன் அடித்துவிட்டால், அவ்வளவுதான், மந்தை பாதி மலைக்குத் திரும்பிவிடும். மேய்ப்பவரிடம் டிரைவர் வாங்கிக் கட்டிக்கொள்வதைக் கேட்க எனக்குக் கன்னடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பக்கத்துக் காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம். 2024இல் அறிவித்தார்கள், அந்தியூர், கோபி தாலுகாக்களில் 80,000 ஹெக்டேருக்கு மேல். காட்டில் மேய்ச்சல் இனி என்ன ஆகும் என்பது மாடு வைத்திருக்கிறவர்களுக்குப் பெரிய கவலை. டீக்கடையில் உட்கார்ந்தால் அந்தப் பேச்சு தானாகவே வரும். சுற்றிப் பார்க்க வந்தவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது நல்லது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, தீர்ப்புச் சொல்ல நீங்கள் பஸ் ஏறி வரவில்லை.

காலையில் ஏறி மத்தியானம் இறங்கினால் அவசரமாகிவிடும். காலை முதல் பஸ்ஸில் ஏறுங்கள். அது கூட்டமாகத்தான் இருக்கும், ஆனால் மலைக்காரர்களின் கூட்டம்: பள்ளிக்கூட வாத்தியார்கள், நர்ஸ், ரேஷன் கடைக்காரர். மேலே என்ன நடக்கிறது என்பதெல்லாம் அந்த பஸ்ஸிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு என்று ஒன்று இருக்கிறதாமே, வெள்ளைக் காட்டெருமை இருக்கிறதாம். அமராவதி அணையிலிருந்து எப்படிப் போவது? தெரிந்த ஒருவர் பைக்கில் கூட்டிப் போகிறேன் என்கிறார்.
*ஒரு வாசகர், உடுமலை*

போகாதீர்கள். தெரிந்தவரோடு பைக்கில் கண்டிப்பாகப் போகாதீர்கள்.

இருக்கிறது என்பது உண்மை. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள், பழனி மலைக்கும் ஆனைமலைக்கும் நடுவில் கிடக்கிற பள்ளத்தாக்கு. அந்தப் பக்கத்திலிருந்துதான் தேனாறு வந்து அமராவதியில் சேர்கிறது. வெளிர்நிறக் காட்டெருமை அந்தப் பகுதிக்கே பேர் வாங்கித் தந்ததும் உண்மைதான். ஆனால் அது காப்பகத்தின் உள்காடு. சுற்றுலாவுக்குத் திறந்த இடம் இல்லை. அங்கே குடியிருக்கிற மலைவாழ் மக்கள் ரேஷன் அரிசிக்கு நடந்து வருகிற வழியை, நாம் வேடிக்கை பார்க்கிற வழியாக ஆக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிடிபட்டால் அபராதமும் வழக்கும் உங்களுக்கு. கூட்டிப் போகிறவர் அந்த நேரத்தில் செல்போனை எடுக்க மாட்டார்.

அந்தக் காட்டின் வாசனை மட்டும் போதும் என்றால் நேர்வழி ஒன்று இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு அரசு கெடுபிடி கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே தமிழ்நாடு முழுக்க 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய்கிற ஏற்பாட்டையும் செய்தது. கூட வருவதற்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் உண்டு. அதில் உங்கள் பக்கத்துப் பாதை சின்னார் செக்போஸ்ட்டிலிருந்து கூட்டாறு வரை. உடுமலையிலிருந்து மூணாறு போகிற பஸ்ஸில் ஏறினால் சின்னார் செக்போஸ்ட்டிலேயே இறங்கலாம். தீப்பிடிக்கிற காலம் வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளத்துச் சின்னார் சரணாலயம். மேற்குத்தொடர்ச்சி மலை என்றாலே சொதசொத என்று நனைந்த காடு என்று நினைக்கிறவர்கள் அங்கே போனால் ஏமாந்துவிடுவார்கள். மழை மறைவுப் பகுதி அது. முள்ளும் கள்ளியும் பாறையும்தான். சாம்பல் நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் இருக்கிற காடு. கூட்டமெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூணாறைப் பார்த்து விரைந்துவிடும். இறங்குகிறவர்கள் குறைவு.

கேள்வி: தெங்குமரஹடா போகலாமா?
*ஒரு வாசகர், புளியம்பட்டி*

காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. அங்கே சொந்தக்காரர் இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் பவானிசாகர் செக்போஸ்ட்டோடு திரும்ப வேண்டியதுதான்.

கேள்வி: எனக்கு அறுபது தாண்டிவிட்டது. மூட்டு வலி. மகன் வீட்டில் எல்லோரும் வால்பாறை, ஊட்டி என்று போகும்போது நான் மட்டும் வீட்டுக்குக் காவல். நடக்காமல், ஏறாமல், அமைதியாகத் தண்ணீரைப் பார்க்க ஓர் இடம் சொல்லப்பா.
*ஒரு வாசகி, காரமடை*

அக்கா, காரமடையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! உங்கள் ஊரிலிருந்து வெள்ளியங்காடு வழியாகப் போனால் பரளிக்காடு. பில்லூர் அணையின் தண்ணீர் பின்னால் தேங்கி நிற்கிற இடம். வனத்துறையும் அங்குள்ள இருளர் மக்களும் சேர்ந்து பரிசல் ஓட்டுகிறார்கள். சனி, ஞாயிறுகளில்தான் பெரும்பாலும் நடக்கும், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருப்பதால் நெரிசலே இல்லை. மத்தியானச் சாப்பாடு மகளிர் குழுவினர் சமைத்துப் போடுவார்கள். களி உருண்டை கேட்டு வாங்குங்கள்.

பரிசலில் ஏறுவது மட்டும்தான் உங்களுக்குச் சிரமம். கரையில் நிற்கும்போது அது ஆடும். காலை நடுவில் வைக்க வேண்டும், விளிம்பில் வைத்தால் ஒரு பக்கம் தூக்கும். ஓட்டுகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நடுவில் கால் வைத்து, உடனே உட்கார்ந்துவிடுங்கள். பிளாஸ்டிக் முக்காலி போட்டுக் கொடுக்கச் சொன்னால் கொடுப்பார்கள். லைஃப் ஜாக்கெட் போட மாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள். சேலைக்கு மேலேயே போடலாம், படத்தில் நன்றாகவே இருக்கும்.

கோவைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அந்த அணையிலிருந்துதான் போகிறது என்பதை மகனிடம் சொல்லுங்கள். அடுத்த முறை வண்டியில் இடம் கிடைக்கும்.

கேள்வி: என் பையன்கள் இரண்டு பேரும் நன்றாக நீந்துவார்கள், மாவட்டப் போட்டி வரை போனவர்கள். அணைகளில் குளிக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறீர்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்குமா?
*ஒரு வாசகர், ஈரோடு*

நீச்சல் தெரிந்தவர்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். தெரியாதவர்கள் முழங்காலோடு நின்றுவிடுகிறார்கள்.

நீச்சல்குளத்துக்கு அடி இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அணைக்குள் அப்படி இல்லை. தண்ணீர் தேங்குவதற்கு முன்னால் அது காடு, வயல், ஓடை. மரத்தை வெட்டியிருப்பார்கள், அடிக்கட்டை அப்படியே இருக்கும். பழைய பள்ளத்தின் தடம் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். இடுப்பளவில் நடந்து போகிறவன் அந்தத் தடத்தில் கால் வைத்தால் ஒரே எட்டில் இரண்டு ஆள் ஆழம். அடுத்தது வண்டல். ஒவ்வொரு மழைக்கும் மலையிலிருந்து இறங்குகிற மண் அடியில் படிந்து, மேலே பார்க்கக் கெட்டியாகவும் உள்ளே கூழாகவும் இருக்கும். முழங்கால் புதைந்தவன் எவ்வளவு பெரிய நீச்சல்காரனாக இருந்தாலும் காலை உதற உதற இறங்குவான். மேல் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருக்கும், நாலு அடிக்குக் கீழே சில்லென்று பிடிக்கும். டைவ் அடிக்கிறவனுக்கு அங்கேதான் தசை இழுத்துக்கொள்ளும். மதகுப் பக்கம் போனால் இழுவை வேறு. அமராவதி அணையில் இத்தனைக்கும் மேலே முதலை. கரையோரம் இருக்கிற பண்ணையில் மட்டும்தான் முதலை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அணைத்தண்ணீரிலேயே சேற்று முதலைகள் வாழ்கின்றன.

அணையை விட்டுவிட்டு, அணைக்குக் கீழே ஆற்றில் குளிப்பதுதான் இதைவிட மோசம். மேட்டுப்பாளையம் பக்கம் நெல்லித்துறையிலிருந்து பவானி ஆற்றோரம் முழுக்க எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். மழையே இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். பில்லூரில் மின்சாரம் எடுக்க மெஷினை ஓட்டினால் தண்ணீர் கீழே வரும். பாறை மேல் துணி வைத்துவிட்டு நடு ஆற்றுத் திட்டுக்குப் போனவர்கள் திரும்பிப் பார்த்தால் துணி வைத்த பாறை இருக்காது. ஒவ்வொரு வருஷமும் அங்கே பிள்ளைகளின் உயிர் போகிறது. பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள். உள்ளூர்ப் பையன்களுக்குத் தண்ணீரின் நிறம் மாறுவதும், சருகு அதிகமாக மிதந்து வருவதும் கண்ணில் படும், உடனே கரையேறிவிடுவார்கள். வெளியூர்க்காரன் செல்ஃபிக்கு நின்றுகொண்டிருப்பான்.

மலை ஓடையும் இதே கதைதான். உடுமலை பஞ்சலிங்க அருவியில் அடிவாரத்தில் தூறல்கூட இல்லாத நேரத்தில் மேலே பெய்த மழை வெள்ளமாக இறங்கும். அதனால்தான் மேகம் கட்டினாலே கேட்டை மூடிவிடுகிறார்கள். காவலாளியிடம் சண்டை போடாதீர்கள்.

குளித்தே ஆக வேண்டும் என்றால் கொடிவேரியில், கம்பி கட்டிய இடத்தில், வாரநாளில் குளிக்கட்டும்.

கேள்வி: ஊட்டிக்குப் போகாமல் ஊட்டிக் குளிர் வேண்டும். இ-பாஸ் தொல்லையும் வேண்டாம்.
*ஒரு வாசகர், கோவை*

2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்களுக்குத்தான் இ-பாஸ். அரசு பஸ்ஸில் ஏறினால் பாஸும் கிடையாது, பார்க்கிங்கும் கிடையாது.

கோவையிலிருந்து காரமடை, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்குப் போகிற பஸ் இருக்கிறது. குன்னூர்ப் பாதை, கோத்தகிரிப் பாதை இரண்டிலும் கார் வரிசை நிற்கிற நாளில்கூட அங்கே எதிரில் வண்டி வருவது அபூர்வம். 43 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு நாளைக்குச் சில ட்ரிப்தான், தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கேட்காதீர்கள். யானை வழியில் நின்றால் பஸ் நிற்கும், அது போகும்வரை நிற்கும். அதைப் படம் எடுக்க ஜன்னலில் தலையை நீட்டுகிறவரைக் கண்டக்டர் திட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வயிறு கலக்குகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டு எலுமிச்சம்பழத்தை மோந்து பிரயோஜனமில்லை. கெத்தையில் ஜன்னலைத் திறந்தால் வெக்கை, மேலே ஏற ஏற ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டே வருவார்கள். கடைசி ஜன்னலையும் மூடிவிட்டால் மஞ்சூர் வந்துவிட்டது என்று கணக்கு.

மஞ்சூரில் இறங்கி அங்கிருந்து தாய்சோலை வழியாகக் கின்னக்கொரை போங்கள். தேயிலைக்கு நடுவே பாதை, கடைசியில் படுகர் ஊர், அதற்கப்பால் மலை செங்குத்தாக இறங்கி அட்டப்பாடிப் பள்ளத்தாக்கு. காலையில் போனால் பள்ளம் முழுக்க மேகம் நிரம்பியிருக்கும், கீழே ஒன்றும் தெரியாது. பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு மேடாகக் கிளம்பி வரும். கடைகள் இரண்டு மூன்றுதான். மத்தியானத்துக்குச் சோறு வேண்டும் என்றால் வந்ததும் சொல்லிவைத்துவிட வேண்டும்.

அவலாஞ்சிக்கும் எமரால்டுக்கும் போகலாமா என்று அடுத்த கேள்வி வரும். தை மாதத்தில் போங்கள், காலையில் உறைபனி பார்க்கலாம். ஆடி மாதம் வேண்டாம். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. கோவை நகருக்குச் சராசரியாக வருஷம் முழுக்கப் பெய்வது அதைவிடக் குறைவு.

கேள்வி: பழனிக்குப் போகும்போது முருகனைப் பார்த்துவிட்டு அரைநாள் மிச்சமாகிறது. கொடைக்கானல் ஏற நேரமில்லை.
*ஒரு வாசகி, தாராபுரம்*

கொடைக்கானல் மலையின் காலடியிலேயே மூன்று அணைகள் இருக்கின்றன: வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு. வரதமாநதி கொடைக்கானல் ரோட்டிலேயே இருப்பதால் எல்லாக் காரும் நிற்கும். நீங்கள் குதிரையாறு போங்கள், பாப்பம்பட்டி வழி. தென்னந்தோப்புக்குள் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று எதிரில் மலை நிற்கும். மேலே அந்த மலையின் நெற்றியில்தான் கூக்கால், மன்னவனூர் எல்லாம் இருக்கின்றன. அங்கேயும் ஏரி உண்டு, கொடைக்கானல் ஏரியைப் போல் சைக்கிள் வாடகைக் கூச்சல் இல்லாத ஏரிகள். அதற்கு இரண்டு நாள் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள், பூம்பாறையில் பூண்டும் வாங்கலாம்.

கேள்வி: பவானிசாகர் அணைக்குள் கோயில் இருப்பது நிஜமா? பார்க்க முடியுமா?
*பிளஸ் ஒன் மாணவர், சத்தியமங்கலம்*

நிஜம்தான் கண்ணு. டணாயக்கன்கோட்டை என்ற ஊரே உள்ளே இருக்கிறது. 1948இல் அணை வேலை தொடங்கி, 1955இல் முடிந்து தண்ணீர் தேக்கியபோது மூழ்கியது. அங்கே இருந்த மாதவராயப் பெருமாள் கோயிலின் கல்மண்டபம், அணை நன்றாக வற்றிய வருஷங்களில் வெளியே தெரியும். 105 அடி அணை. தண்ணீர் பாதிக்குக் கீழே போனால்தான் பேச்சே எழும். அப்படித் தெரிகிற வருஷம் நம் விவசாயிகளுக்கு நல்ல வருஷமாக இருக்காது, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வராது. அதனால் அதைப் பார்க்க ஆசைப்படுவதை உங்கள் தாத்தா காதில் விழாமல் ஆசைப்படு. உள்ளே நடந்து போக அனுமதி கிடையாது, சேறும் யானையும் முதலையும் இருக்கிற இடம்.

கேள்வி: நீங்கள் இப்படி ஒவ்வோர் இதழிலும் ஊர் ஊராகப் பேர் சொல்லிச் சொல்லித்தான் அங்கெல்லாம் கூட்டம் சேர்கிறது. உங்களுக்கே தெரியவில்லையா?
*ஒரு வாசகர், அந்தியூர்*

தெரிகிறதுங்க. அதனால்தான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பஸ் போகாத இடம் ஒன்றையும் எழுதுவதில்லை. ஒரு பஸ்ஸில் ஐம்பது அறுபது பேர் போய் இறங்கினால் ஓர் ஊர் தாங்கும். அதே ஐம்பது பேர் பதினைந்து காரில் போய், ஒவ்வொரு காரும் ஸ்பீக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு அணைக்கரையில் நின்றால் தாங்காது. பஸ்ஸில் வருகிறவனுக்குக் கடைசி ட்ரிப்பைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது. பொழுது சாய்ந்து குடித்துக்கொண்டு உட்கார முடியாது. உடைந்த பாட்டில் யானையின் காலில் ஏறினால் அது எங்கே போய் வைத்தியம் பார்க்கும்? நீலகிரியில் 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் திருப்பித் தருகிற ஏற்பாடு வந்ததே இதற்காகத்தான்.

எனக்குப் பிடித்த நாலைந்து இடங்களை இந்தப் பகுதியில் நான் எழுதியதே இல்லை. உங்கள் ஊர்ப் பக்கம்கூட ஒன்று இருக்கிறது. நீங்கள் அந்தியூர்க்காரர், எது என்று உங்களுக்கே தெரியும். நீங்களும் சொல்லாதீர்கள்.

கேள்வி: டிரோன் கொண்டு போகலாமா?
*ஒரு வாசகர், அவிநாசி*

புலிகள் காப்பகத்திலும் அணைகளிலும் அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் டிரோனும் போகும், காசும் போகும். கல்யாண மண்டபத்தில் பறக்கவிடுங்கள்.

கேள்வி: சோலையார் பக்கம் போனோம். அட்டைக்கடி தாங்க முடியவில்லை. இதற்கு மருந்து என்ன?
*ஒரு வாசகி, பொள்ளாச்சி*

மழைக்காலத்தில் வால்பாறை போனால் அட்டையும் கூட வரும். கடித்ததும் பிய்த்து இழுக்காதீர்கள், புண்ணாகிவிடும். உப்பு, இல்லையென்றால் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டுவைத்தால் தானாக விழுந்துவிடும். விழுந்த பிறகும் ரத்தம் நிற்காமல் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருக்கிறது, அது தீர்ந்ததும் நின்றுவிடும். கழுவித் துடைத்து, ஒரு துணியை அழுத்திக் கட்டிக்கொண்டால் போதும். மறுநாள் அரிக்கும், சொறியாதீர்கள்.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற பெண்கள் காலில் சாக்ஸ் மாட்டி, அதற்கு மேல் உப்பும் புகையிலைத் தூளும் தேய்த்துக்கொள்வார்கள். கடையில் முழங்கால் வரை வருகிற அட்டை உறை கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஒரு தடவை தட்டிவிட்டு ஏறுங்கள். நீங்கள் தட்டாமல் விட்ட அட்டை, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கடித்தால் சண்டையைத் தீர்த்துவைக்க வேண்டியவன் கண்டக்டர்.